குருவிகுளம் தாண்டினால் ஏர்போர்ட்

பொறாமைப்படுவதற்கும் ஒரு கொடுப்பினை வேண்டும். நாம் யாரைப் பார்த்து வயிறெரிகிறோமோ அந்த ஆள் கொஞ்சமாவது கெட்டவராக இருக்க வேண்டும். திமிர் பிடித்தவளாகவோ கஞ்சப்பிசினாறியாகவோ இருந்தால் நாமும் நிம்மதியாகப் பொறாமைப்பட்டுவிட்டு நேரத்துக்குத் தூங்கலாம். சாம்பாரில் உப்பு போடத் தெரியாதவளாக இருந்தால்கூடப் போதும். எனக்கு வாய்த்த ஓரகத்தி நிவேதாவிடம் அந்த வசதி எதுவும் கிடையாது.

என் வீட்டுக்காரரின் தம்பி குமாரைக் கல்யாணம் செய்துகொண்டு சிங்கப்பூரில் இருக்கிறாள் நிவேதா. ஊருக்கு வரும்போதெல்லாம் தன் அம்மாவுக்கு என்ன வாங்கினாளோ அதையே எனக்கும் வாங்கி வருவாள். வந்து இறங்கிய அன்றைக்கே அடுப்படிக்குள் நுழைந்து, "அக்கா, நீங்க ஸ்கூல்லருந்து அலுத்து வந்திருப்பிய, செத்த உக்காருங்க" என்பாள். நானும் உட்கார்ந்து, அவள் கழுவிக் கவிழ்த்த பாத்திரத்தில் எங்கேயாவது பிசுக்கு ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பேன். (இருக்காது. ஒரே ஒரு தடவை இருந்தது. விசாரித்ததில் அது நான் கழுவிய பாத்திரம்.)

எங்கள் வீடு சங்கரன்கோவிலில் இருக்கிறது. மாடி கட்டுவதற்காக விட்ட கம்பிகள் மொட்டைமாடியின் நான்கு மூலையிலும் வருஷக்கணக்காகத் துருப்பிடித்து நிற்கும். நிவேதா வீடோ இருபத்தி எத்தனையாவதோ மாடி. என் மாமியார் எங்களோடுதான் இருக்கிறார். கீரைக்காரம்மாவிலிருந்து கேஸ் சிலிண்டர் போடுகிறவர் வரைக்கும் அத்தை சொல்வது ஒரே கதைதான்: "எளையவ வீட்டுல சன்னலைத் தொறந்தா மேகம் உள்ள வந்துருமாம்." எங்கள் வீட்டுச் சன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டு விசைத்தறிச் சத்தம் உள்ளே வரும். அதையும் நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லலாம். யாரும் சொல்வதில்லை.

நிவேதா பேரைச் சொல்லும்போது அத்தையின் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். என் பேரைச் சொல்லும்போது அது வருகிறதா என்று கல்யாணமான நாளிலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறேன். என் பேர் கோமதி. (அம்மன் பேர். எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு கோமதி இருப்போம். அதிலும் எனக்குத் தனிச் சிறப்பு கிடையாது.) அத்தை வாயில் என் பேர் பெரும்பாலும் "கோமதி, கேஸை அமத்துனியாட்டி?" என்ற வாக்கியத்தில்தான் வரும். அந்த வாக்கியத்தில் வெளிச்சத்துக்கு இடம் ஏது?

நிவேதாவுக்கு மகன் பிறந்தபோது பிரச்சினை ஆரம்பித்தது. லீவு முடிந்து அவள் வேலைக்குத் திரும்ப வேண்டும். உதவிக்குப் போயிருந்த அவள் அம்மா முழங்கால் வலி தாங்காமல் ஊருக்கு வந்துவிட்டார். குமார் அத்தையைக் கூப்பிட்டான். பாஸ்போர்ட்கூட எடுத்துக் கொடுத்தான். அத்தை அதைப் பீரோவில் பட்டுச்சேலைக்கு அடியில் வைத்துவிட்டு, மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அத்தைக்கு ஊர் பெரிதாக இருந்தால் பயம். ஒரு கல்யாணத்துக்குச் சென்னைக்குப் போனவர், எழும்பூர் ஸ்டேஷனில் கூட்டத்தில் தொலைந்து, ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு அரைநாள் அழுதவர். சென்னையே அந்தப் பாடு படுத்தியது என்றால் சிங்கப்பூர் என்ன பாடு படுத்தும் என்பது அவர் கணக்கு. "அம்புட்டுப் பெரிய ஊர்ல நான் எங்கன போயி நிப்பேன்? தொலைஞ்சு போனா யாருகிட்டல கேப்பேன்?" என்று போனில் குமாரிடம் சொல்லிக்கொண்டிருந்ததை நானே கேட்டேன். கேட்டுவிட்டு, பூஜை அறைக்குப் போய் ஒரு கும்பிடு போட்டேன்.

ஏனென்றால் அந்தப் பயத்தின் மேல்தான் என் குடும்பம் நின்றுகொண்டிருந்தது. குழாயில் தண்ணீர் வரும் நேரம் அத்தைக்குத்தான் தெரியும். மாவு எப்போது பொங்கும், என் மகளுக்கு எப்போது மூக்கு ஒழுகும், பால்காரர் எந்த நாளில் தண்ணீர் அதிகம் கலப்பார் எல்லாம் அத்தைக்குத்தான் தெரியும். நான் காலையில் பஸ்ஸைப் பிடித்துப் பள்ளிக்கூடம் போய்விட்டுச் சாயங்காலம் திரும்பும்போது வீடு வீடாக இருப்பதற்கு அத்தைதான் காரணம். வேலைக்காக மட்டுமா என்று கேட்டால், அதுவும் இல்லை. மாடி அவளுக்கு, மேகம் அவளுக்கு, முகத்து வெளிச்சமும் அவளுக்கு. ஆளாவது எனக்கு இருக்கட்டும் என்று நினைத்தேன்.

ஆக, நான் செய்ய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். வாயை மூடிக்கொண்டு சும்மா இருப்பது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலுக்காவது வாய் மட்டும்தான். எனக்கு லேப்டாப்பும் இருந்தது.

நான் சமூக அறிவியல் டீச்சர். ஆசிரியர் பயிற்சி ஒன்றில் ஒரு இணையதளத்தைக் காட்டினார்கள். சுவரில் தொங்கும் உலகப்படத்தில் கிரீன்லாந்து நம் இந்தியாவை விடப் பல மடங்கு பெரிதாகத் தெரியும் இல்லையா? உருண்டையைத் தட்டையாக விரிக்கும்போது துருவத்துப் பக்கம் இருக்கிற நாடுகள் எல்லாம் ஊதிப் பெருத்துவிடும். இந்தத் தளத்தில் ஒரு நாட்டின் உருவத்தை அப்படியே பிடித்து இழுத்து இன்னொரு நாட்டின் மேல் வைக்கலாம். கிரீன்லாந்தை இழுத்து இந்தியாவின் மேல் வைத்தால், இழுக்க இழுக்கச் சுருங்கி, கடைசியில் இந்தியாவுக்குள்ளேயே அடங்கிப்போகும் அளவுக்கு ஆகிவிடுகிறது. வகுப்பில் இருந்த டீச்சர்கள் எல்லாரும் ஆச்சரியப்பட்டார்கள். எனக்கு நிவேதா ஞாபகம் வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகச் சிங்கப்பூரை இழுத்துவந்து சங்கரன்கோவில் மேல் வைத்தேன். மேற்கு முனை கடையநல்லூரில் போய் இடித்தது. கிழக்கு முனை குருவிகுளம் தாண்டி, கோவில்பட்டிக்கு முன்னாலேயே ஏதோ ஒரு கரிசல் காட்டில் முடிந்துவிட்டது. தெற்கே பனவடலிசத்திரத்தோடு கரை. அவ்வளவுதான் நாடு. ஒரு டவுன் பஸ்ஸும் ஒரு மினி பஸ்ஸும் மாறினால் முழு நாட்டையும் பார்த்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம். பல மாதமாக நெஞ்சுக்குள் கனத்த ஒன்று அன்றைக்கு இறங்கியது. அந்தப் படத்தை நான் ரசித்த மாதிரி என் கல்யாண ஆல்பத்தைக்கூட ரசித்ததில்லை.

என் வீட்டுக்காரர் உரக்கடை வைத்திருக்கிறார். அதிகம் பேசமாட்டார். எட்டிப் பார்த்துவிட்டு, "அது சின்ன ஊருதான்னு ஒலகத்துக்கே தெரியுமேட்டி" என்றார்.

"ஒலகத்துக்குத் தெரியும். ஒங்க அம்மைக்குத் தெரியாதுல்லா?" என்றேன்.

அவர் என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், சொல்லாமல் கடைக்குக் கிளம்பிப் போனார். என்ன சொல்ல வந்தார் என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும்.

குழந்தைக்கு முடியெடுத்துக் காதுகுத்த நிவேதாவும் குமாரும் ஊருக்கு வந்தார்கள். கோயிலில் எல்லாம் நல்லபடியாக முடிந்து, பக்கத்து மண்டபத்தில் சாப்பாடு. அந்த மண்டபத்தில் சுவரளவுக்கு ஒரு டிவி மாட்டியிருந்தார்கள். சாப்பிட்ட களைப்பில் எல்லாரும் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க, குமார் லேப்டாப்பை அதில் மாட்டிச் சிங்கப்பூர்ப் படங்களைக் காட்ட ஆரம்பித்தான். இருபத்தி எத்தனையாவதோ மாடி வந்தது. மேகம் வந்தது. பிறகு ஏர்போர்ட்டுக்குள் ஒரு அருவி வந்தது. குற்றாலத்துக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்த கூட்டம், ஜென்மத்தில் அருவியையே பார்க்காத மாதிரி வாயைப் பிளந்தது. அத்தை முகத்தில் அந்த வெளிச்சம். டிவி வெளிச்சத்தையும் மீறித் தெரிந்தது.

அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. "நானும் ஒண்ணு காட்டட்டா?" என்று எழுந்தேன். கைதட்டி வரவேற்றது யார் என்று நினைக்கிறீர்கள்? நிவேதாதான்.

லேப்டாப் முன்னால் நின்றதும் எனக்கு வகுப்புக் குரல் வந்துவிட்டது. சங்கரன்கோவிலைக் காட்டினேன். கோயில் கோபுரத்தைக் காட்டினேன். பிறகு சிங்கப்பூரைக் காதைப் பிடித்து இழுத்துவருகிற மாதிரி கடல் தாண்டி இழுத்துவந்து ஊர் மேல் போட்டேன். மண்டபத்தில் ஒரு சலசலப்பு. மேற்கு முனையில் விரலை வைத்து, இது கடையநல்லூர் என்றேன். என் வீட்டுக்காரரின் சிநேகிதர், கடையநல்லூரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் பாய், முன்வரிசையில் இருந்தார். "நம்ம ஊர்ல பாதிப் பேரு வெளிநாடு போயிட்டானுவ. இப்ப வெளிநாடே கெளம்பி ஊருக்கு வந்துட்டா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குத் தைரியம் கூடியது. குருவிகுளத்தைத் தாண்டிப் பருத்திக் காட்டில் விரலை வைத்து, அந்த அருவி வைத்த ஏர்போர்ட் இங்கேதான் என்றேன். பனவடலிசத்திரத்தில் கடற்கரை என்றேன்.

அந்த ஊர்க்காரரான ஒரு மாமா எழுந்துவிட்டார். "எங்க ஊருக்குக் குடிக்கத் தண்ணி வரல. நீ கடலையே கொண்டாந்து விட்டுட்டியா?" என்று கேட்டார். தன் பருத்தி கரைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று அவருக்கு உடனே தெரிந்தாக வேண்டும். அவரைச் சமாதானப்படுத்தி உட்காரவைத்துவிட்டு, நான் இத்தனை நாள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாக்கியத்தை அத்தையைப் பார்த்துச் சொன்னேன்: "அத்தே, சிங்கப்பூரு சிங்கப்பூருன்னு சொல்லுதியளே, இம்புட்டுதான் அது. கடையநல்லூர்ல பஸ் ஏறி குருவிகுளம் தாண்டி எறங்குனா நாடு முடிஞ்சுது."

அத்தை மெதுவாக எழுந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு டிவிக்குப் பக்கத்தில் வந்து, குருவிகுளத்தில் ஒரு விரலையும் கடையநல்லூரில் ஒரு விரலையும் வைத்தார். ஆஹா, வெளிச்சம் அணையப் போகிறது என்று நான் காத்திருந்தேன்.

"இது நெசந்தானாட்டி?" என்றார்.

"சத்தியமா அத்தே. நான் புள்ளையளுக்கே இதைத்தான் சொல்லிக் குடுக்குதேன்."

"குமாரு, ஒங்க வீடு இதுல எங்கன இருக்கு?"

குமார் எழுந்து வந்து குருவிகுளத்துக்கு இந்தப் பக்கம் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினான். அத்தை அங்கிருந்து சங்கரன்கோவிலுக்கு விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"நான் பொறந்தது குருவிகுளம். வாக்கப்பட்டது சங்கரன்கோவில். என் தங்கச்சியைக் குடுத்தது கடையநல்லூரு. இந்தத் தூரத்தைத்தான் நான் ஆயுசு பூரா நடந்துக்கிட்டும் பஸ்ஸுல போயிக்கிட்டும் இருக்கேன். இதுல நான் எங்கன தொலையப் போறேன்? இம்புட்டுக்காண்டியா இத்தனை நாளு பயந்துகிட்டுக் கெடந்தேன்? குமாரு, டிக்கெட்டைப் போடுல. நான் வாரேன்."

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். சொந்த லேப்டாப்பில் வைத்துக்கொண்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். (அதுகூட இல்லை. லேப்டாப் குமாருடையது.) நாட்டைச் சின்னதாக்கினால் அத்தை கண்ணில் நிவேதா சின்னவளாவாள் என்று மட்டும்தான் நான் யோசித்திருந்தேன். அத்தையின் பயமும் கூடச் சேர்ந்து சின்னதாகிவிடும் என்று இந்தப் படித்த மண்டைக்கு எட்டவில்லை. எட்டியது என் வீட்டுக்காரருக்கு. கடைசி வரிசையில் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அவர் தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

பதற்றத்தில் மனுஷி என்ன செய்வாள்? இன்னும் தப்பாகச் செய்வாள். "அத்தே, நடுவுல பெரிய கடல் இருக்கு" என்று படத்தைப் பின்னால் இழுத்து வங்காள விரிகுடாவைக் காட்டினேன். கடலைத்தான் பனவடலிசத்திரத்திலேயே பார்த்தாயிற்றே என்றார் அத்தை. சரி, எதிர்ப்பக்கமாக மிரட்டுவோம் என்று தமிழ்நாட்டைத் தூக்கிக்கொண்டு போய்ச் சிங்கப்பூர் மேல் வைத்தேன். நம் மாநிலம் எவ்வளவு பெரிது, அதை விட்டு ஒரு புள்ளிக்கா போவது என்று கேட்பதாகத் திட்டம். சிங்கப்பூர் தமிழ்நாட்டுக்குள் கடுகு மாதிரி உட்கார்ந்தது. அத்தைக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியாட்டி, நம்ம நாட்டுக்குள்ளதான் இருக்கு" என்றார். பனவடலிசத்திரத்து மாமா, இப்போது தன் ஊர் எந்தக் கடலில் கிடக்கிறது என்று கேட்டார். நான் லேப்டாப்பை மூடினேன்.

அத்தோடு விட்டிருந்தால்கூட மானம் பாதியாவது மிஞ்சியிருக்கும். நிவேதா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடிவந்து ஒரு கையால் என்னைக் கட்டிக்கொண்டாள். கண்ணெல்லாம் தண்ணீர். "அக்கா, அத்தை பயத்தைத் தெளிய வைக்கத்தான இம்புட்டுப் பாடுபட்டிய? எங்க அம்மைக்குக்கூட இது தோணல. உங்க மனசு யாருக்கும் வராது" என்றாள். மண்டபமே கைதட்டியது. என்ன சொல்ல? "ஆமா" என்றேன். அவள் நிஜமாகவே நம்பினாள். அதற்கும் அவள் மேல்தான் எனக்குக் கோபம் வந்தது.

அத்தை போய்விட்டார். குழாய்த் தண்ணீர் நான் குளிக்கும் நேரமாகப் பார்த்து வந்தது. மாவு ஒருநாள் பொங்கவே இல்லை, மறுநாள் பாத்திரத்தை விட்டு வெளியேறித் தரையில் நடந்தது. பால்காரர் எல்லா நாளும் ஒரே மாதிரி தண்ணீர் கலந்தார்.

அங்கே அத்தைக்கு ஒரு குறையும் இல்லை. நான் காட்டிய படத்தைக் குமார் பெரிதாக அச்சடித்து, நம் ஊர்ப் பேர்களையும் எழுதி, ஃப்ரிட்ஜில் ஒட்டிக் கொடுத்திருந்தான். அத்தை சிங்கப்பூர் முழுவதையும் அதை வைத்தே படித்துவிட்டார். வீடியோ காலில் வந்தால், "இன்னைக்குப் பனவடலிசத்திரம் போயி கடல்ல கால் நனைச்சிட்டு வந்தோம்" என்பார். "குருவிகுளத்துல பிளேன் எறங்குத சத்தம் கேக்குது" என்பார். ஒருநாள், பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு தான் மட்டும் ரயிலேறிப் புளியங்குடி வரைக்கும் போய்விட்டு வந்ததாகச் சொன்னார். எழும்பூரில் தூணைப் பிடித்து அழுத அத்தை! எனக்கு வயிறு எரிந்தது. நான் இன்னும் அசல் புளியங்குடிக்கே தனியாகப் போனதில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தையிடமிருந்து வீடியோ கால் வந்தது. முகம் ஒரு மாதிரி இருந்தது.

"ஏட்டி கோமதி, இன்னைக்கு நம்ம வீட்டுக்குப் போயிருந்தேன்."

எனக்குப் புரியவில்லை. எந்த வீட்டுக்கு என்றேன்.

"ஃப்ரிட்ஜுல ஒட்டியிருக்குல்லா, அதுல நம்ம சங்கரன்கோவில் நட்டநடுவுல வருது. எல்லா ஊருக்கும் போயாச்சு, அங்கன மட்டும் யாரும் கூட்டிட்டுப் போகல. நான்தான் குமாரை நச்சரிச்சுக் கூட்டிட்டுப் போவச் சொன்னேன். போயிப் பாத்தா ஒரே காடு. பக்கத்துல ஒரு பெரிய கொளம். வீடும் இல்ல, வாசலும் இல்ல. குரங்குதான் உக்காந்திருக்கு." "நீ இல்லாத மாதிரி இருந்துச்சு. அங்கன நின்னு அழுதுட்டேன்."

சிங்கப்பூரின் நடுவில் நீர்த்தேக்கமும் அதைச் சுற்றிக் காடும் இருப்பது சமூக அறிவியல் டீச்சரான எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாது. அத்தை தொலைந்து போகாமலே அழுவார் என்பதும் தெரியாது. "கெளம்பி வந்துருங்க அத்தே" என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனாலும் பிறவிக்குணம் விடுமா?

"நிவேதாவும் கூட வந்தாளா அத்தே?" என்றேன்.

"இல்லட்டி. அவ சமைச்சுக்கிட்டு இருந்தா. நீ கேஸை அமத்துனியா?"

அந்த வாக்கியத்தைச் சொல்லும்போது அத்தை முகத்தில் அந்த வெளிச்சம் இருந்தது. அது போன் வெளிச்சமாகவும் இருக்கலாம். நான் ஆராய்ச்சி செய்யவில்லை.

ஆறு மாசம் அங்கே இருந்துவிட்டு அத்தை திரும்பி வந்தார். இப்போதும் நான் கடையநல்லூருக்குத் துணி எடுக்கக் கிளம்பினால் என் வீட்டுக்காரர் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டாயா என்று கேட்கிறார். பனவடலிசத்திரத்து மாமா எந்த விசேஷத்தில் பார்த்தாலும் அலை அதிகமாக இருக்கிறது என்று என்னிடம் புகார் சொல்கிறார். அதையெல்லாம் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது எங்கள் ஃப்ரிட்ஜ் மேல் இருக்கிறது. அத்தை அன்றைக்கு அந்தக் காட்டில் எடுத்த குரங்குப் படத்தை நிவேதா சட்டம் போட்டு, "அக்கா வீடு" என்று அழகாக எழுதி, பாசமாகக் கொடுத்தனுப்பியிருந்தாள். குரங்கு ஒரு கிளையில் தனியாக உட்கார்ந்துகொண்டு, தூரத்தில் தெரியும் அடுக்குமாடிகளை முறைத்துக்கொண்டிருக்கிறது. காதுகுத்து அன்றைக்கு டிவி முன்னால் நின்ற என் முகம் அச்சு அசல் அதேதான் என்று வீட்டில் எல்லாரும் சொல்கிறார்கள். அத்தையும்தான்.